மேனுவல் லாக்கிங் ஹப் பூட்டுவது எப்படி: ஃபோர்-வீல் வண்டிக்குப் புதியவர்களுக்கு

சாக்கெட் பிடித்துப் பழகியவருக்கு இது ஒரு காலைப்பொழுது வேலை. பக்கத்துக்கு ஆறு நட்டு, ஒரு சர்க்லிப் (பள்ளத்தில் உட்காரும் வளையக் கிளிப்), ஒரு மூடி. இவ்வளவு சின்ன வேலை கெட்டுப்போவதற்கும் பெரிய காரணங்கள் தேவையில்லை: வண்டிக்குப் பொருந்தாத ஹப்பை வாங்குவது, உள்ளே கிரீஸை அள்ளி அப்புவது, சின்ன போல்ட்டுகளைக் கைபலத்தால் முறுக்குவது. இதில் முதலாவதுதான் பணத்தை அதிகம் விழுங்கும். அதனால் ஸ்பேனரை எடுப்பதற்கு முன் கொஞ்சம் படித்துவிடுங்கள்.

ஹப் என்ன செய்கிறது?

வேண்டும்போது மட்டும் நான்கு சக்கரமும் இழுக்கும் பார்ட்-டைம் ஃபோர்-வீல் வண்டியில் கியரை டூ-ஹெச்சில், அதாவது இரண்டு சக்கர ஓட்டத்தில் போட்டால், சக்தியை முன்னுக்கும் பின்னுக்கும் பிரித்துக்கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ் முன்பக்கத்துக்கு இன்ஜின் சக்தி போவதை நிறுத்திவிடும். ஆனால் முன்சக்கரம் தரையில் உருண்டுகொண்டே இருப்பதால், அது ஆக்ஸில் ஷாஃப்ட்டையும் டிஃப்பரன்ஷியலையும் முன் புரொப்பெல்லர் ஷாஃப்ட்டையும் வீணாகச் சுழற்றிக்கொண்டே இருக்கும். லாக்கிங் ஹப் அந்தத் தொடர்பைச் சக்கரத்திலேயே வெட்டுகிறது. டயலை ஃப்ரீ பக்கம் திருப்பினால் சக்கரம் மட்டும் சுற்றும், உள்ளே எல்லாம் அசையாமல் நிற்கும். லாக் பக்கம் திருப்பினால் உள்ளே ஒரு பல்வளையம் நகர்ந்து ஷாஃப்ட்டையும் ஹப் உடலையும் ஒன்றாகப் பிணைத்துவிடும்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் மிஞ்சிய ராணுவ ஜீப்புகளைச் சாலையில் ஓட்டத் தோதாக்கவே ஆர்தர் வார்ன் 1948இல் அமெரிக்காவில் இந்த ஹப்புகளைச் செய்யத் தொடங்கினார். இன்று கடையில் கிடைப்பவை பெரும்பாலும் வார்ன், ஜப்பானின் ஐசின், பிரேசிலின் ஏவிஎம், பிறகு பெயர் தெரியாத மலிவுச் சரக்கு. கடைசி வகையில் பல்வளையம் மென்மையான உலோகமாக இருக்கும். சேற்றில் ஒரு தடவை சக்கரம் சுழன்று சட்டென்று பிடி கிடைக்கும்போது பல் நொறுங்கிவிடும். பழையதானாலும் நல்ல நிலையிலுள்ள ஐசின் ஹப் அதைவிட மேல்.

எரிபொருள் மிச்சமாகும் என்று நம்பி வாங்க வேண்டாம், அந்த மிச்சம் சிறிது. உண்மையான லாபம் வேறு. தார்ச்சாலையிலேயே ஓடும் நாட்களில் முன்பக்கப் பாகங்கள் தேயாது, ஸ்டியரிங் கொஞ்சம் இலேசாகும், தானியங்கி ஹப்பைப் போலக் காட்டுப்பாதையில் ஹப் பிடித்ததா இல்லையா என்ற சந்தேகம் இருக்காது. கொட்டும் மழையில் இறங்கி இரண்டு பக்கமும் டயல் திருப்ப வேண்டும் என்பது அதற்குக் கொடுக்கும் விலை.

உங்கள் வண்டிக்கு ஆகுமா?

சிங்கப்பூரில் சரக்கு வாகனங்களுக்கு 20 ஆண்டு ஆயுள் வரம்பு இருப்பதால், இந்த வேலைக்கென்றே பிறந்த பழைய ஹைலக்ஸ் இங்கே அரிதாகிவிட்டது. சாலையில் நிறையப் பார்க்கும் டி-மேக்ஸ், டிரைட்டன், நவாரா, புதிய ஹைலக்ஸ் போன்ற பிக்கப்புகளில் முன் அச்சை இணைப்பதும் பிரிப்பதும் பெரும்பாலும் டிஃப்பரன்ஷியல் பக்கத்திலேயே நடந்துவிடுகிறது. சக்கர பேரிங்கும் பிரிக்க முடியாத ஒரே துண்டாக வரும். அந்த வண்டிகளில் மேனுவல் ஹப்புக்கு வேலை இல்லை. விற்பவர் என்ன சொன்னாலும் விட்டுவிடுங்கள்.

பொருந்துபவை பார்ட்-டைம் லேண்ட் குரூசர் 40, 60, 70 வரிசைகள், பழைய ஹைலக்ஸ், நிஸானின் பழைய பேட்ரோல், சுசூகியின் பழைய ஜீப் வகைகள், ஜிம்னி ஜேபி43. கீழே உள்ள அளவுகள் டொயோட்டாவின் ஆறு ஸ்டட் வகைக்கானவை. மற்ற வண்டிகளுக்குச் செய்முறை ஏறக்குறைய இதேதான். முறுக்கு அளவை மட்டும் அந்த வண்டியின் சர்வீஸ் புத்தகத்திலோ ஹப் பெட்டிக்குள் இருக்கும் தாளிலோ பார்த்துக்கொள்ளுங்கள்.

எப்போதும் நான்கு சக்கரமும் இழுக்கும் ஃபுல்-டைம் வண்டிகளில், உதாரணமாகப் பழைய டிஃபெண்டரில், இதைப் பூட்டி ஃப்ரீயில் வைத்தால் இன்ஜின் சக்தி முழுக்க எதிர்ப்பில்லாத முன் ஷாஃப்ட்டுக்கு ஓடிவிடும், வண்டி நகராது. முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் சக்தியைப் பங்கிடும் சென்டர் டிஃப்பைப் பூட்டினால்தான் நகரும். ஒவ்வொரு நாளும் சென்டர் டிஃப்பைப் பூட்டியே ஓட்டுவது அந்த வண்டிக்கு வேலையல்ல. முதலில் டிரான்ஸ்ஃபர் கேஸைப் பார்ட்-டைமாக மாற்ற வேண்டும். அது தனிக் கதை, தனிச் செலவு.

வாங்கும் முன் மூன்றை எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள்: ஷாஃப்ட் நுனியில் நீளவாக்கில் வெட்டிய ஸ்ப்ளைன் பற்கள், ஹப் உடலைப் பிடிக்கும் ஸ்டட் (தலையில்லாத போல்ட்) அல்லது போல்ட்டின் எண்ணிக்கை, சக்கரத்தின் நடுத்துளை விட்டம். மூன்றாவதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். மேனுவல் ஹப் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அலாய் சக்கரத்தின் நடுத்துளை சின்னதாக இருந்தால் சக்கரமே ஏறாது. ஏறினாலும் பழைய நடுமூடி இனிப் பொருந்தாது.

எங்கே செய்வது, விதி என்ன?

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) கார் நிறுத்துமிடத்தில் வண்டியைத் தூக்கிவைத்துப் பழுதுபார்க்க அனுமதி இல்லை. காக்கி புக்கிட், சின் மிங் பக்கம் தெரிந்த பட்டறையில் ஒரு ஓரத்தை வாடகைக்குக் கேட்பதுதான் பலரும் செய்வது. சாமான் கடையும் பக்கத்திலேயே இருக்கும். இல்லாத கேஸ்கட்டுக்கு ஓடலாம்.

நிலப் போக்குவரத்து ஆணையம் வாகன மாற்றங்களை மூன்றாகப் பிரித்திருக்கிறது: அனுமதி கேட்க வேண்டாதவை, கேட்க வேண்டியவை, செய்யவே கூடாதவை. வாங்குவதற்கு முன் ஒன்மோட்டரிங் தளத்தில் பாருங்கள். உங்கள் வண்டி மாடலுக்குத் தெளிவில்லை என்றால் ஆணையத்துக்கு எழுதிக் கேட்டு, பதிலைக் கோப்பில் வையுங்கள். கட்டாயச் சோதனையின்போதும் காப்புறுதிக் கோரிக்கையின்போதும் அந்தக் காகிதம் பேசும்.

வேண்டிய சாமான்கள்

ஹப் இரண்டு, புதிய கேஸ்கட்டுகள், ஓ-ரிங்குகள், சர்க்லிப் இரண்டு, கூம்பு வாஷர் 12. கூம்பு வாஷர் என்பது ஸ்டட்டைச் சுற்றி ஆப்பு போல இறங்கிக் கவ்வும் பிளவுபட்ட வளையம். பழையது நன்றாக இருந்தால் திரும்பப் போடலாம், ஆனால் கழற்றும்போது ஒன்றிரண்டு எகிறிப் பறந்துவிடும். கூடுதலாக ஓர் ஆறு வாங்கி வையுங்கள்.

10, 12 மிமீ சாக்கெட், சர்க்லிப் பிளையர், பித்தளைச் சுத்தி அல்லது பித்தளைத் தண்டு, பிரேக் கிளீனர், லித்தியம் வகை 2ஆம் எண் பேரிங் கிரீஸ், பழைய பருத்தித் துணி, 8 மிமீ தடிமனில் நீளமான போல்ட் ஒன்று. பேரிங்கைத் தொடப்போகிறீர்கள் என்றால் 54 மிமீ ஹப் சாக்கெட்டும் வேண்டும். உளியும் சுத்தியும் வைத்து அந்தப் பெரிய நட்டைத் திருப்புபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அப்படிக் கொத்தப்பட்ட நட்டை அடுத்த தடவை யாராலும் சரியாக முறுக்க முடியாது.

முறுக்கு அளவைக் காட்டும் டார்க் ரெஞ்ச் இரண்டு இருந்தால் நல்லது. சக்கர நட்டுக்கு வைத்திருக்கும் பெரிய ரெஞ்ச் 10 நியூட்டன் மீட்டரை உணரவே உணராது. மூடி போல்ட்டுகள் முறிவது பெரும்பாலும் அதனால்தான்.

பழையதைக் கழற்றுதல்

தட்டையான இடத்தில் நிறுத்தி, கியரை டூ-ஹெச்சில் வைத்து, பின்சக்கரங்களுக்கு முட்டுக் கொடுங்கள். முன்பக்கத்தைத் தூக்கி இரண்டு பக்கமும் ஆக்ஸில் ஸ்டாண்டில் நிறுத்துங்கள். ஜாக்கை மட்டும் நம்பி வண்டியின் அருகில் உட்காராதீர்கள். சக்கரத்தைக் கழற்றாமலும் இந்த வேலையைச் செய்யலாம். முதல் முறை செய்பவர் கழற்றிவிடுவதே நல்லது, வெளிச்சமும் இடமும் கிடைக்கும்.

நடுவில் உள்ள தூசிமூடியை எடுத்தால் ஷாஃப்ட் நுனி தெரியும். சில வண்டிகளில் அதைச் சர்க்லிப் பிடித்திருக்கும், சிலவற்றில் வாஷரோடு ஒரு போல்ட், சிலவற்றில் இரண்டும். கழற்றும் முன் கைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். இடைவெளியை நிரப்பும் மெல்லிய ஷிம் தகடுகள் இருந்தால் எந்தப் பக்கம் எத்தனை என்று குறித்து, இடது வலது கலக்காமல் தனித்தனிக் கிண்ணத்தில் போடுங்கள்.

அடுத்தது, ஷாஃப்ட்டைச் சக்கரத்தோடு நிரந்தரமாகப் பிணைக்கும் பழைய தட்டை, அதாவது ஃபிளாஞ்சை, பிடித்திருக்கும் ஆறு நட்டுகள். இங்கேதான் புதியவர்கள் திணறுவார்கள். நட்டை முழுக்கக் கழற்றினாலும் ஃபிளாஞ்ச் அசையாது, ஏனென்றால் கூம்பு வாஷர் ஆப்பு போல இறுகியிருக்கும். ஸ்க்ரூடிரைவரால் ஃபிளாஞ்சை நெம்பாதீர்கள். கேஸ்கட் உட்காரும் முகம் கீறிவிடும், பிறகு எந்தக் கேஸ்கட்டும் தண்ணீரை நிறுத்தாது. நட்டை ஸ்டட்டின் நுனி வரை தளர்த்தி அங்கேயே விட்டு, பித்தளைத் தண்டை நட்டின் மேல் வைத்து ஒரே அடியாகக் கூர்மையாக அடியுங்கள். மெல்லத் தட்டித் தட்டிப் பயனில்லை. வாஷர் துள்ளித் தளரும். நட்டு நுனியில் இருப்பதால் ஸ்டட்டின் மரையும் கெடாது, வாஷரும் பறக்காது. பிடிவாதமானதற்கு ஊடுருவும் எண்ணெய் விட்டு அரைமணி நேரம் காத்திருங்கள்.

திறந்ததும் பார்க்க வேண்டியவை

பழைய கிரீஸின் நிறத்தைப் பாருங்கள். பால் கலந்த தேநீர் போலிருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. கஞ்சி போல நீர்த்து, கியர் ஆயில் வாசனை அடித்தால் உள் ஆக்ஸில் சீல் போய்விட்டது. டிஃப் ஆயில் வெளியே வந்து கிரீஸைக் கழுவிக்கொண்டிருக்கிறது. இந்த இரண்டில் எது இருந்தாலும் புதிய ஹப்பைப் பூட்டி மூடுவதில் அர்த்தமில்லை, முதலில் சீலையும் பேரிங்கையும் கவனியுங்கள்.

ஸ்டட்டுகளைக் கையால் அசைத்துப் பாருங்கள். ஆடுவதையும் மரை இழுபட்டதையும் மாற்றிவிடுங்கள். லாக்கில் இருக்கும்போது முன்சக்கரத்துக்குப் போகும் சக்தி முழுவதும் இந்த ஆறு ஸ்டட்டுகள் வழியாகத்தான் போகிறது. ஒன்று தளர்ந்தால் மற்ற ஐந்தும் வரிசையாக முறியும்.

சக்கர பேரிங் ஏறியிருக்கும் குழல் அச்சான ஸ்பிண்டிலின் உட்பக்கம் ஷாஃப்ட் உட்காரும் பித்தளை புஷ் தேய்ந்திருக்கிறதா என்று ஷாஃப்ட்டை மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். ஃபிளாஞ்ச் இருந்தவரை ஷாஃப்ட்டின் வெளி நுனியை அது நடுவில் இறுகப் பிடித்திருந்தது. ஹப் ஃப்ரீயில் இருக்கும்போது அந்தப் பிடி கிடையாது. தேய்ந்த புஷ்ஷோடு புதிய ஹப் போட்டால் டயல் ஒருநாள் இலேசாகவும் ஒருநாள் கடினமாகவும் திரும்பும், பழி ஹப்பின் மேல் விழும்.

சக்கர பேரிங்

ஹப்பை மட்டும் மாற்றுபவர்கள் பேரிங்கைக் கழற்றத் தேவையில்லை. ஆனால் இவ்வளவு தூரம் திறந்தபிறகு சோதிக்காமல் மூடுவது சோம்பேறித்தனம். சக்கரத்தைத் திரும்ப மாட்டி, மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். லொடக்கென்று ஆடினாலோ, சுற்றும்போது கரகரத்தாலோ, கீழுள்ளபடி சரிசெய்யுங்கள்.

வெளி நட்டைப் பிடித்திருக்கும் பூட்டு வாஷரின் மடிப்பை நிமிர்த்தி, 54 மிமீ சாக்கெட்டால் நட்டையும் வாஷரையும் எடுங்கள். உள் நட்டை 59 நியூட்டன் மீட்டர் முறுக்கி, ஹப்பை இரண்டு பக்கமும் இரண்டு மூன்று சுற்றுச் சுற்றுங்கள். உருளைகள் சரியாகப் படிய அதுதான் வழி. மறுபடி அதே அளவு முறுக்குங்கள். பிறகு கையால் திருப்பும் அளவுக்குத் தளர்த்தி, மெல்ல 5 நியூட்டன் மீட்டர் அளவுக்கு மட்டும் இறுக்குங்கள். புதிய பூட்டு வாஷர் போட்டு வெளி நட்டை இறுக்குங்கள், வண்டிக்கேற்ப அது 47 முதல் 64 நியூட்டன் மீட்டர்.

இறுதிச் சோதனைக்கு மீன் எடைபோடும் ஸ்பிரிங் தராசு போதும். சக்கர ஸ்டட்டில் மாட்டி, வட்டத்தின் திசையில் இழுங்கள். ஹப் நகரத் தொடங்கும்போது தராசு 2.8 முதல் 5.6 கிலோவுக்குள் காட்ட வேண்டும். பிரேக் பேட் உரசினால் அளவு பொய்யாகிவிடும், காலிப்பரை விலக்கிவிட்டு இழுங்கள். வெளி நட்டை இறுக்கும்போது உள் நட்டும் கொஞ்சம் நகர்வது சகஜம், அதனால் தராசுச் சோதனையைக் கடைசியில்தான் செய்ய வேண்டும். சரியாக வந்தால் வாஷரின் ஒரு மடிப்பை உள் நட்டின் பக்கமும் இன்னொன்றை வெளி நட்டின் பக்கமும் மடித்துவிடுங்கள். இரண்டுக்கும் ஒரே பக்கம் மடிப்பவர்களின் நட்டு ஓடஓடக் கழலும்.

புதிய ஹப்பைப் பூட்டுதல்

முகங்கள் இரண்டையும் பிரேக் கிளீனரால் துடையுங்கள், பழைய கேஸ்கட் துணுக்கு ஒன்றுகூட இருக்கக் கூடாது. ஸ்டட் துளைகளுக்குள் கிரீஸ் படிந்திருந்தால் அதையும் எடுங்கள். கூம்பு வாஷர் உலர்ந்த உலோகத்தைக் கவ்வ வேண்டும், கிரீஸின் மேல் அது வழுக்கும்.

ஹப்புக்கு உள்ளே கிரீஸ் எவ்வளவு? விரல் நுனியில் எடுத்துப் பல்வளையத்திலும் ஸ்ப்ளைனிலும் மெல்லிய படலமாகத் தடவும் அளவு. உலோகத்தின் நிறம் அடியில் தெரிய வேண்டும். பேரிங்குக்குத் திணிப்பது போல இங்கே திணித்தால் பல்வளையம் நகர இடமில்லாமல் பாதியில் நிற்கும், டயல் திரும்பியது போலத் தெரியும், உள்ளே பாதிப் பல்தான் கவ்வியிருக்கும். பல் நொறுங்கும் வழிகளில் இதுதான் முதலிடம்.

1. கேஸ்கட்டை வைத்து, ஹப் உடலை ஸ்டட்டுகளில் ஏற்றுங்கள். உள் ஸ்ப்ளைன் ஷாஃப்ட்டோடு சேர மறுத்தால் ஷாஃப்ட்டைக் கொஞ்சம் சுற்றுங்கள், சுத்தியால் அடிக்க வேண்டாம்.

2. கூம்பு வாஷர், ஸ்பிரிங் வாஷர், நட்டு என்ற வரிசையில் போட்டு, எதிரெதிராக இரண்டு சுற்றில் 31 நியூட்டன் மீட்டருக்குக் கொண்டுவாருங்கள்.

3. ஷாஃப்ட் நுனியில் உள்ள மரைத்துளையில் அந்த நீள போல்ட்டைத் திருகி, ஷாஃப்ட்டை வெளியே இழுத்துப் பிடித்துக்கொண்டு சர்க்லிப்பைப் போடுங்கள். இழுக்காவிட்டால் பள்ளம் ஹப்புக்குள் மறைந்திருக்கும், எவ்வளவு போராடினாலும் கிளிப் உட்காராது. கிளிப் பள்ளத்துக்குள் முழுவதும் இறங்கியதைச் சுற்றித் திருப்பிப் பார்த்து உறுதிசெய்யுங்கள். உங்கள் மாடலில் நடு போல்ட் உண்டு என்றால் அதற்கு 18 நியூட்டன் மீட்டர்.

4. மூடியின் டயலை ஃப்ரீயில் வையுங்கள். மூடியின் உள்ளே நீட்டியிருக்கும் கொக்கிகள் ஹப் உடலில் பல் இல்லாத பள்ளங்களுக்கு நேராக வர வேண்டும். நேராக இல்லாமல் போல்ட்டை முறுக்கினால் கொக்கி வளையும், டயல் அன்றோடு முடிந்தது. சரியாக இருந்தால் மூடி கையழுத்தத்திலேயே முகத்தோடு முகம் உட்காரும்.

5. மூடியின் சின்ன போல்ட்டுகள், 10 மிமீ தலை உள்ளவை, குறுக்காக மாற்றி மாற்றி 10 நியூட்டன் மீட்டர். அதற்கு மேல் ஒரு கால் திருப்பு திருப்பினாலே அலுமினிய மரை கையோடு வந்துவிடும்.

ஜிம்னி ஜேபி43க்கு ஒரு குறிப்பு. அதில் ஏற்கெனவே இருப்பது இன்ஜினின் வெற்றிட உறிஞ்சலால் இயங்கும் ஹப். வயதானால் ரப்பர்க் குழாய் வெடிக்கும், சீல் கசியும், ஃபோர்-வீல் விளக்கு கண்சிமிட்டும். மேனுவலுக்கு மாறும்போது சக்கரத்துக்கு வரும் குழாய்களைக் காற்றுப் புகாமல் அடைத்துவிடுங்கள். திறந்தபடி விட்டால் உறிஞ்சல் கிடைக்கவில்லை என்று விளக்கு சிமிட்டிக்கொண்டே இருக்கும். ஹப் பிடிப்பது ஆறு போல்ட்டில், முறுக்கு அளவும் வேறு. பெட்டித் தாளைப் பின்பற்றுங்கள்.

இறக்குவதற்கு முன் சோதனை

வண்டி ஸ்டாண்டிலேயே இருக்கட்டும். இரண்டு டயலும் ஃப்ரீயில்: சக்கரத்தைச் சுற்றினால் ஷாஃப்ட் அசையக் கூடாது, எங்கும் டிக் டிக் சத்தம் வரக் கூடாது. ஒரு பக்கத்தை லாக்குக்குத் திருப்பிச் சக்கரத்தைச் சற்றே ஆட்டினால் டக்கென்று பிடிக்க வேண்டும், இப்போது ஷாஃப்ட் கூடவே சுற்றும். மறுபக்கமும் இப்படியே. டயல் கடைசி வரை போகவில்லை என்றால் பிளையர் வைத்துத் திருப்பாதீர்கள். பல்லும் பல்லும் முட்டி நிற்கிறது, சக்கரத்தைக் கொஞ்சம் உருட்டினால் தானாக இறங்கும்.

முதல் ஓட்டம் முடிந்து வந்ததும் ஆறு நட்டுகளையும் மறுபடி 31க்குச் சரிபாருங்கள். கூம்பு வாஷர் படிந்து கொஞ்சம் தளர்ந்திருக்கும். ஹப் மேல் கைவைத்துப் பாருங்கள். வெதுவெதுப்பு சரி, கை வைக்க முடியாத சூடு என்றால் பேரிங் இறுக்கம் அதிகம்.

ஓட்டும்போது

ஜோகூரில் காஹாங்கிலிருந்து கம்போங் பேத்தா போகும் செம்மண் பாதை மாதிரி இடங்களுக்குப் போகிறவர்கள் தார் முடியும் இடத்திலேயே இறங்கி இரண்டு பக்கமும் லாக் செய்துவிடுங்கள். சேற்றில் புதைந்தபிறகு டயலைத் தேடுவது சுகமான வேலையல்ல. லாக் செய்தபடி டூ-ஹெச்சில் தார்ச்சாலையில் ஓடினால் ஒன்றும் கெடாது. நான்கு சக்கர ஓட்டமான ஃபோர்-ஹெச்சில் காய்ந்த தார்ச்சாலையில் ஓடினால்தான் கெடும்: திருப்பத்தில் முன்னும் பின்னும் வெவ்வேறு தூரம் உருள, நடுவில் எல்லாம் முறுக்கேறிக்கொள்ளும். அப்படி முறுக்கேறி டயல் திரும்ப மறுத்தால் டூ-ஹெச்சுக்கு மாற்றி, நேராகச் சில மீட்டர் பின்னோக்கி நகர்த்துங்கள்.

ஒரு பக்கம் லாக், மறுபக்கம் ஃப்ரீ என்று மறந்துவிட்டால் ஃபோர்-ஹெச்சில் சக்தி எல்லாம் ஃப்ரீ பக்கத்து ஷாஃப்ட்டைச் சும்மா சுற்றுவதில் போகும். முன்சக்கரம் இழுக்கவில்லை என்று புகார் சொல்பவர்களிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி அதுதான்.

சிங்கப்பூருக்குள்ளேயே ஓடும் வண்டிகளில் முன் டிஃப்பரன்ஷியல் மாதக்கணக்கில் அசையாமல் கிடக்கும். எண்ணெய் கீழே வடிந்து, மேலுள்ள பற்களும் சீல்களும் காய்ந்துவிடும். மாதத்துக்கு ஒருமுறை ஹப்பை லாக் செய்து, டூ-ஹெச்சிலேயே ஒரு 16 கிலோமீட்டர் ஓட்டுங்கள். ஆற்றிலோ வெள்ளத்திலோ ஹப் முங்கினால், திரும்பி வந்ததும் மூடியை மட்டும் திறந்து கிரீஸின் நிறம் பாருங்கள். ஓ-ரிங் கிள்ளுப்பட்டிருந்தால் அங்கேதான் முதலில் தெரியும்.

கழற்றிய பழைய ஃபிளாஞ்சுகளைத் தூக்கி எறியாதீர்கள். நட்டு, கூம்பு வாஷர், சர்க்லிப், ஒரு கேஸ்கட்டோடு பையில் கட்டி வண்டியிலேயே வையுங்கள். காட்டுக்குள் ஒரு ஹப் உடைந்தால் அந்தப் பக்கம் ஃபிளாஞ்சைப் பூட்டி, மறுபக்கத்தை லாக்கில் வைத்தால் நான்கு சக்கரமும் இழுக்கும்.